அரியணைக்கு அருகே ஒரு நாற்காலி!

2024ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள், இரவு. கென்ய நாட்டின் தலைநகர் நைரோபியில் செனட் சபை கூடியிருக்கிறது. குற்றச்சாட்டுகள் பதினொன்று. குற்றம் சாட்டப்பட்டவர் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர் ரிகாத்தி கச்சாகுவா. அன்று பிற்பகல் சபைமுன் நின்று தம் தரப்பை எடுத்துரைத்திருக்க வேண்டியவர், உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருக்கிறார் என்று அவருடைய வழக்கறிஞர் சொல்கிறார். சபை காத்திருக்க இசையவில்லை. வாக்கெடுப்பு நடக்கிறது. பதினொன்றில் ஐந்து குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டன என்று முடிவு கூறப்படுகிறது. ஈராண்டுகளுக்கு முன்னர் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற வாக்குச் சீட்டில் இரண்டாம் பெயராக இருந்தவர், அந்த இரவோடு பதவியிழந்தார்.

பொழுது விடிந்தது. இரண்டாம் இடத்துக்குப் புதிய பெயரைக் குடியரசுத் தலைவர் அனுப்பினார். அன்றைக்கே தேசிய சட்டமன்றம் ஒப்புதல் தந்தது. நீதிமன்றத் தடை குறுக்கிட்டதால் சில நாள் தாமதம். நவம்பர் முதல் நாள் கித்துரே கிண்டிகி பதவி ஏற்றார்.

வீழ்ந்தவர் நல்லவரா, வீழ்த்தியவர்கள் நியாயவான்களா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நாம் கேட்க விரும்புவது வேறு. அந்த நாற்காலி எத்தகையது? அதில் அமர்ந்தவர்களுக்கு இந்த அறுபது ஆண்டுகளில் நேர்ந்தது என்ன? ஒரு குடியரசிலே, தலைவருக்கு அடுத்தபடி அமர்ந்திருக்கும் மனிதனுக்கு, 'இது தவறு' என்று தலைவரைப் பார்த்துச் சொல்லும் உரிமை உண்டா, இல்லையா?

இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே, ஒரு நாட்டில் நடப்பது மக்களாட்சியா, முடியில்லாத மன்னராட்சியா என்பதைச் சொல்லிவிடலாம் என்பது நம் எண்ணம்.

அரசரைச் சார்ந்து ஒழுகுபவர்கள் நெருப்பில் குளிர்காய்பவரைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று வள்ளுவர் வழி கூறினார். மிக விலகினால் குளிர். மிக நெருங்கினால் தீப்புண். மன்னராட்சிக் காலத்துக்கு ஏற்ற மதிநுட்பம் அது. மன்னர்கள் போய், மக்களே மன்னர்கள் என்ற காலம் வந்த பிறகும், மக்களின் பெயரால் இரண்டாம் இடத்தில் அமர்ந்தவர் அதே நெருப்பருகே அதே அச்சத்தோடு கைகளை நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் என்ன?

கென்யாவின் கதை அதைத்தான் கேட்க வைக்கிறது.

1963 டிசம்பர் 12ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றது. ஓராண்டு கழித்து அதே நாளில் குடியரசாயிற்று. ஜோமோ கென்யாட்டா முதல் குடியரசுத் தலைவர். அவருக்குத் துணைவராக அமர்ந்தவர் ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா.

ஒடிங்கா யார்? கென்யாட்டா சிறையில் இருந்த காலத்தில், அவர் பெயரை உச்சரிக்கவும் பலர் தயங்கிய 1958ஆம் ஆண்டில், வெள்ளையர் ஆட்சியின் சட்டசபையிலேயே எழுந்து, 'எங்கள் மெய்யான தலைவர் சிறையில் இருக்கும் அவரே' என்ற பொருள்பட முழங்கியவர். கென்யாட்டா விடுதலையாகும் வரை ஆட்சிப் பொறுப்பு வேண்டாம் என்று உறுதியாக நின்றவர். அரியணை ஏற வாய்ப்பிருந்தும், அது சிறைப்பட்டிருந்த தோழருக்கே உரியது என்று காத்திருந்தவர். இத்தகைய நன்றிக்கடன் பட்ட நட்பு, குடியரசு பிறந்து ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை!

காரணம், கொள்கை. வெள்ளைக் குடியேறிகள் கைப்பற்றியிருந்த நிலம் உழுதவனுக்கு எவ்வாறு திரும்ப வேண்டும், விடுதலையின் பலன் யாருக்குச் சேர வேண்டும், மேற்கு நாடுகளோடு ஒட்டி நிற்பதா, கிழக்கோடும் உறவு கொள்வதா என்பன போன்ற கேள்விகளில் ஒடிங்கா இடப்பக்கம் நின்றார். ஆட்சி வலப்பக்கம் நடந்தது. 1966 மார்ச்சில் லிமுரு நகரில் கானு கட்சியின் மாநாடு கூடியது. ஒடிங்காவைக் கட்சியிலிருந்து நீக்கவில்லை. அதைவிட நயமான வழி ஒன்று கண்டார்கள். கட்சியின் துணைத் தலைவர் என்ற ஒற்றைப் பதவியை எடுத்துவிட்டு, வட்டாரத்துக்கு ஒருவராக எட்டுத் துணைத் தலைவர்களை அமர்த்தினார்கள்! ஒருவனை வீழ்த்த வேண்டுமானால் அவன் நாற்காலியை எட்டாக உடைத்தால் போதும் என்ற அரசியல் தச்சுவேலை அன்று அரங்கேறிற்று.

ஒடிங்கா உட்பொருளை உணர்ந்தார். ஏப்ரலில் அரசுப் பதவியையும் துறந்தார். கென்ய மக்கள் ஒன்றியம் என்ற கட்சியின் தலைமையை ஏற்றார். உடனே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது: கட்சி மாறியவர்கள் மீண்டும் மக்களிடம் சென்று வாக்குப் பெற வேண்டும். 1969 அக்டோபரில், கிசுமு நகரில் கென்யாட்டா கலந்துகொண்ட விழாவில் கலவரம் மூண்டது, துப்பாக்கிகள் வெடித்தன, மக்கள் மாண்டனர். ஒடிங்காவின் கட்சி தடை செய்யப்பட்டது. சிறையிலிருந்த தலைவருக்காகக் குரல் கொடுத்தவரை, அந்தத் தலைவரின் ஆட்சியே சிறையில் அடைத்தது. 1971 வரை அவர் வெளியே வரவில்லை.

'துணைவருக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் விலகிக்கொள்ளட்டும். உள்ளே இருந்துகொண்டு ஏன் குரல் எழுப்ப வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி போலத்தான் தோன்றும். ஒடிங்கா அதைத்தானே செய்தார்? விலகினார், கட்சி கண்டார், மக்களிடம் சென்றார். கிடைத்தது காவற்கூடம். வெளியேறும் வாயிலில் விலங்கு காத்திருக்கும் வீட்டில், 'பிடிக்காவிட்டால் வெளியேறலாமே' என்று சொல்வது நீதியாகுமா?

அவருக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவர் ஜோசப் முரும்பி. கோவா நாட்டு வணிகர் ஒருவருக்கும் மாசாய்ப் பெண்மணிக்கும் பிறந்தவர்; இளமையில் பெங்களூரிலும் பெல்லாரியிலும் கல்வி கற்றவர். நூல்களையும் ஆப்பிரிக்கக் கலைச் செல்வங்களையும் தேடித் தேடிச் சேர்த்த பண்பாளர். அவருடைய உற்ற தோழர் பியோ காமா பிண்டோ 1965 பிப்ரவரியில் நைரோபியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1966 மே மாதம் பதவிக்கு வந்த முரும்பி, அந்த ஆண்டு முடிவதற்குள் அதைத் துறந்தார். முழக்கமில்லை, புதுக் கட்சியில்லை. அவர் திரட்டிய நூல்களும் ஆவணங்களும் இன்று கென்ய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதவியைவிட நெடுநாள் வாழும் செல்வம் எது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

மூன்றாமவர் டேனியல் அராப் மோய். 1967இல் அமர்ந்தவர், பதினொரு ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. எப்படி முடிந்தது? வாய் பேசாமையால் முடிந்தது. முன்னிருந்த இருவரின் கதையிலிருந்து அவர் கற்ற பாடம் அது.

மௌனமாக இருந்தும் பகை வராமல் இல்லை. குடியரசுத் தலைவர் மறைந்தால் துணைத் தலைவரே தொண்ணூறு நாட்களுக்குப் பொறுப்பேற்பார் என்பது அன்றைய சட்டம். கென்யாட்டாவோ முதுமை எய்திவிட்டார். மோய் பொறுப்பேற்பதைத் தடுக்க, 1976இல், 'சட்டத்தை மாற்றுக' என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. அரசின் தலைமை வழக்கறிஞர் சார்லஸ் நிஜோஞ்ஜோ ஓர் எச்சரிக்கையால் அதை அடக்கினார்: குடியரசுத் தலைவரின் மரணத்தை மனத்தால் நினைப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம்! எண்ணிப் பாருங்கள். துணைத் தலைவர் என்ற பதவி எதற்காக இருக்கிறது? தலைவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நாடு தத்தளிக்கக் கூடாதே என்பதற்காக. ஆனால் அப்படி நேரக்கூடும் என்று நினைப்பதே குற்றம்!

1978 ஆகஸ்ட் 22ஆம் நாள் மொம்பாசாவில் கென்யாட்டா மறைந்தார். மோய் அரியணை ஏறினார். 'நியாயோ' என்பது அவர் எழுப்பிய முழக்கம். சுவாகிலி மொழியில் அடிச்சுவடுகள் என்று பொருள். 1984இல் அவர் ஆற்றிய உரையொன்று கென்ய மக்கள் மறவாதது. அமைச்சர்கள் யாவரும் கிளிகளைப் போல என் பாட்டையே பாட வேண்டும். கென்யாட்டா காலத்தில் நானும் அவர் பாட்டைத்தான் பாடினேன் என்று கூசாமல் கூறினார். தாம் துணைவராக இருந்தபோது சுமந்த நுகத்தடியை, தலைவரானதும் மற்றவர் கழுத்தில் பூட்டினார். அடிமைத்தனத்தைப் பயிற்சியாகப் பெற்றவன் ஆட்சிக்கு வந்தால் அடிமைகளைத்தான் தேடுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மோய் ஆண்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் இரண்டாம் நாற்காலி பட்ட பாடு கொஞ்சமன்று. பொருளியல் வல்லுநர் முவாய் கிபாக்கி பத்தாண்டு அமர்ந்திருந்தார். 1988இல் நலத்துறை அமைச்சராகக் கீழிறக்கப்பட்டார். அவரிடத்துக்கு வந்தவர் ஜோசபாத் கராஞ்சா, நைரோபிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஆண்டொன்று கழிந்தது. நாடாளுமன்றத்தில் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் பாய்ந்தது. 1989 மே முதல் நாள் பதவி விலகினார். வாக்காளர்களை வேட்பாளர்களின் பின்னால் வரிசையாக நிற்கவைத்துத் தலையை எண்ணிய தேர்தலின் வழியே வந்த நாடாளுமன்றம் அது. அந்தச் சபையில் எழுந்த ஆவேசம் யாருடையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் சைத்தோட்டி. 1989 முதல் 1997 தேர்தல் வரை அமர்ந்திருந்தார். தேர்தலுக்குப் பின் 1998இல் மோய் அவரை மீண்டும் அமர்த்தவில்லை. வேறு எவரையும் அமர்த்தவுமில்லை. பதினான்கு மாதங்கள் கென்யாவுக்குத் துணைக் குடியரசுத் தலைவரே கிடையாது! நாடு நின்றுபோயிற்றா? இல்லை. ஆளில்லாமல் ஓராண்டுக்கு மேல் நடக்கக்கூடிய வேலை என்றால், அது வேலையா, அலங்காரமா? பிறகு 1999 ஏப்ரலில் ஒருநாள், லிமுருப் பக்கம் சாலையோரத்தில் கூடிய மக்கள் முன்னிலையில், சைத்தோட்டியே மீண்டும் துணைத் தலைவர் என்று மோய் அறிவித்தார். சந்தைக்குப் போகிறவர் வழியில் நின்று காய்கறி வாங்குவதைப் போல, ஒரு குடியரசின் இரண்டாம் பதவி தெருவோரத்தில் வழங்கப்பட்டது.

2002இல் வரலாறு தன்னைத்தானே படியெடுத்தது. கானு கட்சி மாநாட்டில் துணைத் தலைவர்களாக நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாட்டின் துணைத் தலைவராகிய சைத்தோட்டிக்கு அந்த நால்வரில் இடமில்லை. 1966இல் எட்டு; 2002இல் நான்கு; தச்சுவேலை ஒன்றே. தம் அரசியல் வாரிசாக, கென்யாட்டாவின் மகன் உகுரு கென்யாட்டாவை மோய் முன்னிறுத்தினார். சைத்தோட்டி இணங்கவில்லை, ஆகஸ்டில் பதவி பறிபோயிற்று. நவம்பரில் அமர்த்தப்பட்ட முசாலியா முடவாடி, டிசம்பர்த் தேர்தலில் தம் தொகுதியையே இழந்து, இரண்டு மாதத்தில் மறைந்தார் அந்தப் பதவியிலிருந்து. ஆனால் மக்கள் அந்தத் தேர்தலில் வேறொரு கணக்கையும் தீர்த்தார்கள்: பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கீழிறக்கப்பட்ட கிபாக்கியை மேலேற்றினார்கள்.

கிபாக்கி காலத்தில் மூவர். மைக்கேல் கிஜானா வாமல்வா சில திங்களிலேயே, 2003 ஆகஸ்டில், இலண்டனில் காலமானார். மூடி அவோரி உள்துறையைக் கையில் வைத்துக்கொண்டு சிறைச்சாலைகளைச் சீர்திருத்த முயன்று நற்பெயர் எடுத்தார். 2007 தேர்தலுக்குப் பின் நாடெங்கும் குருதி ஓடிக்கொண்டிருந்த 2008 சனவரியில், அந்தத் தேர்தலில் மூன்றாமிடம் பெற்ற கலோன்சோ முசியோக்காவைத் துணைத் தலைவராக்கித் தம் பக்கத்துக்கு வலுச் சேர்த்தார் கிபாக்கி. அப்போதும் அந்தப் பதவி தலைவர் கொடுக்கும் பரிசுதான். மக்கள் அளித்த பொறுப்பன்று.

ஆக, 1964 முதல் பதின்மர். தலைவர் விரும்பினால் வரவு, வெறுத்தால் செலவு. இந்த அவலத்தை மாற்ற வந்தது 2010ஆம் ஆண்டின் அரசியல் சட்டம். இனி தலைவர் வேட்பாளரும் துணைவர் வேட்பாளரும் ஒரே வாக்குச் சீட்டில் ஒன்றாக மக்கள்முன் நிற்க வேண்டும். வென்ற பிறகு துணைவரைத் தலைவர் நீக்க முடியாது. குற்றம் சாட்ட வேண்டும். தேசிய சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். செனட் சபை விசாரித்து, அங்கும் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும்.

அந்த வேலியின் வலிமையைச் சோதித்துக் காட்டினார் வில்லியம் ரூட்டோ. 2013இல் உகுரு கென்யாட்டாவோடு வென்றவர். 2018 மார்ச்சில் உகுரு, முதல் துணைத் தலைவர் ஒடிங்காவின் மகன் ரைலா ஒடிங்காவோடு கைகுலுக்கி இணக்கம் கண்டார். ரூட்டோ ஓரங்கட்டப்பட்டார். அரசுத் திட்டங்களை ஒருங்கிணைக்கும் பணி 2019இல் உள்துறை அமைச்சர் கைக்குச் சென்றது. அவருடைய ஆதரவாளர்கள் பதவிகளிலிருந்து களையெடுக்கப்பட்டனர். 2020இல் செனட் துணைத் தலைவர் இருக்கையிலிருந்து இறக்கப்பட்டவர்களில் ஒருவர், பின்னாளில் இரண்டாம் நாற்காலிக்கு வந்த அதே கிண்டிகி. பிடிக்காதவர்கள் விலகலாம் என்று தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். ரூட்டோ விலகவில்லை, விலக்கவும் முடியவில்லை. 2022 ஆகஸ்டில், தம் தலைவரே எதிர்த்து நின்ற தேர்தலில், மக்களிடம் சென்று வென்று குடியரசுத் தலைவரானார். ஒடிங்கா 1966இல் பெற முடியாத பாதுகாப்பை ரூட்டோ பெற்றிருந்தார். அந்தப் பாதுகாப்பின் பயனாகத்தான் தீர்ப்பு அரண்மனையில் எழுதப்படாமல் வாக்குச் சாவடியில் எழுதப்பட்டது.

அத்தகைய வேலிக்குள் வளர்ந்து வந்தவர் ஆட்சியிலே, இரண்டே ஆண்டில், அந்த வேலி முதன்முறையாகத் தாண்டப்பட்டதே, அதுதான் வேதனை.

கச்சாகுவா மாசற்றவர் என்று நாம் வாதிடப் புறப்படவில்லை. ஆட்சியைப் பங்கு நிறுவனத்துக்கு ஒப்பிட்டு, வாக்களித்தவர்களுக்கே முதல் பலன் என்ற பொருளில் அவர் பேசியது, வாக்களிக்காத குடிமகனை அயலானாக்கும் பேச்சு. துணைத் தலைவர் வாயில் வரத்தகாத பேச்சு. அதே வேளையில், 2024 சூனில் வரிச் சட்டத்தை எதிர்த்து இளைஞர்கள் தெருவுக்கு வந்து குண்டடிபட்டபோது, உளவுத் துறைத் தலைவரை வெளிப்படையாகக் குறைகூறியவரும் அவர்தான். தலைவருக்கும் துணைவருக்கும் இடையே விரிசல் விரிந்தது. எதிர்க்கட்சியாக இருந்த ரைலாவின் அணியினர் சிலர் அமைச்சரவைக்குள் வந்தனர். எண்ணிக்கை சேர்ந்தது. அக்டோபர் 8ஆம் நாள் 349 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் 282 வாக்குகள் துணைத் தலைவருக்கு எதிராக விழுந்தன.

பழைய முறையைவிட இது மேலானது என்பதை மறுக்க மாட்டோம். குற்றச்சாட்டு எழுத்தில் வந்தது, வழக்கறிஞர்கள் வாதாடினர், நாடே பார்த்தது, பின்னர் நீதிமன்றம் செல்லும் வழியும் இருந்தது. சாலையோர அறிவிப்புக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆயினும், மருத்துவமனையிலிருந்து ஒருவர் திரும்பும் வரை ஓரிரு நாள் காத்திருக்க முடியாத அவசரம், நீதியின் அவசரமா, எண்ணிக்கை கலைந்துவிடுமோ என்ற அச்சத்தின் அவசரமா? சட்டம் நீதிமன்றத்தைக் கட்டித் தந்தது. உள்ளே அமர்ந்தவர்கள் நீதிபதிகளாக அமர்ந்தார்களா, படைவீரர்களாக அணிவகுத்தார்களா?

குறை சட்டத்திலும் இருக்கிறது. பழைய சட்டத்தில் துணைத் தலைவர் கையில் பெரும்பாலும் உள்துறையோ நிதித்துறையோ இருக்கும். புதிய சட்டம், அவர் வேறு அரசுப் பதவி வகிக்கலாகாது என்றது. குடியரசுத் தலைவரின் முதன்மை உதவியாளர் என்று பெயர் சூட்டி, தலைவர் ஒப்படைக்கும் பணிகளைச் செய்க என்றது. ஒப்படைக்காவிட்டால்? பணியே இல்லை. நாற்காலியை யாரும் எளிதில் பறிக்க முடியாது. ஆனால் அதன்முன் மேசை கிடையாது! வேலையில்லாத இடத்தில் வம்பு வளரும். வேலையில்லாத பதவியில் வாரிசுப் போர் வளரும். தலைவரோடு கிளிப்பிள்ளையாக இருப்பது, அல்லது தலைவருக்குப் போட்டியாளராக இருப்பது என்ற இரண்டே வழிகள்தான் அவருக்கு எஞ்சுகின்றன.

இந்த நோய் கென்யாவுக்கு மட்டும் உரியதன்று. அதன் இரு முனைகளையும் ஆப்பிரிக்காவின் வேறு இரு நாடுகளில் காணலாம். மலாவியில் ஜாய்ஸ் பாண்டா 2009இல் தலைவரோடு சேர்ந்து மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தலைவர் தம் தம்பியை வாரிசாக்க முனைந்ததை ஏற்காததால், 2010இல் கட்சியிலிருந்து தூக்கியெறியப்பட்டார். ஆனால் மக்கள் தந்த பதவியைத் தலைவரால் பறிக்க முடியவில்லை. 2012 ஏப்ரலில் தலைவர் பிங்கு வா முதாரிக்கா மறைந்தபோது, ஆட்சியாளர்கள் சிலர் தயங்கியும், சட்டம் வென்றது. இரண்டே நாளில் அந்தப் பெண்மணி குடியரசுத் தலைவரானார். குண்டு வெடிக்கவில்லை. சிம்பாப்வேயிலோ துணைத் தலைவர் தலைவரின் கைப்பாவை. 2017 நவம்பர் 6ஆம் நாள் முகாபே தம் துணைவர் மினங்காக்வாவை ஒரே சொல்லால் நீக்கினார். பதினைந்தே நாளில், படை தெருவில் நிற்க, முகாபேயே விலக நேர்ந்தது. துணைவரும் மக்கள் வாக்கால் வரவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி, பத்தாண்டுக்கு அதை ஒத்திவைத்து, 2021இல் அடியோடு அழித்தும்விட்டது அந்நாடு. மக்கள் வேர் உள்ள நாற்காலி மலாவியைக் காத்தது. வேரற்ற நாற்காலி சிம்பாப்வேயில் பீரங்கி வண்டிகளை வரவழைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1966இல் ஒடிங்கா வெளியேறியபோது, ஒரு மனிதர் வெளியேறியதாக லுவோ மக்கள் எண்ணவில்லை; குடியரசே தங்களை வெளியே தள்ளிக் கதவடைத்தது என்று நொந்தனர். 2024இல் கச்சாகுவா வீழ்ந்தபோது, கென்ய மலைப் பகுதியில் பலர் அப்படியே நொந்தனர். இனங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு நாற்காலியைக் கொடுத்து, பின் அதைப் பிடுங்குவது, இருமடங்கு புண். இனத்துக்கு ஒரு நாற்காலி போதாது; நிலமும் நீரும் பள்ளியும் வேலையும் வேண்டும். அவை நேர்மையாகப் பங்கிடப்பட்டால், நாற்காலியில் எந்த இனத்தார் அமர்ந்தால் என்ன?

கென்யாவின் குடியரசுத் தலைவர்கள் இதுவரை ஐவர். அவருள் மோய், கிபாக்கி, ரூட்டோ ஆகிய மூவர் இரண்டாம் நாற்காலியில் இருந்தவர்கள். அந்த இருக்கையின் இழிவை மூவரும் அறிவர். மூவரில் எவரும், தமக்குப் பின் வருபவருக்கு அதைச் செம்மைப்படுத்தித் தர முன்வரவில்லை. தனி மனிதர்களின் பெருந்தன்மையை நம்பிப் பயனில்லை என்பதற்கு இது போதும். துணைவருக்கான பணியைச் சட்டம் பெயர் சொல்லி வரையறுக்க வேண்டும். நீக்கும் நாளில் சபை, கட்சிக் கொறடாவின் கண்ணசைவைப் பாராமல், சான்றுகளைப் பார்க்க வேண்டும்.

கிளிகள் நிறைந்த அவையில் தலைவனுக்குக் கேட்பது தன் குரலின் எதிரொலி மட்டுமே. அந்த எதிரொலியை மக்கள் குரலென்று நம்பிய ஆட்சிகள் எப்படி முடிந்தன என்பதை ஆப்பிரிக்கா அறியும், ஆசியாவும் அறியும். அரியணைக்கு அருகே இருக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் ஒருவனைத் தாங்கிக்கொள்ள முடியாத தலைமை, தெருவில் நிமிர்ந்து நிற்கும் குடிமகனை எப்படித் தாங்கிக்கொள்ளும்?